எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வாடிக்கையாளர் சேவை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இன்றைய வாடிக்கையாளருக்குப் பொறுமை இல்லை, எதற்கெடுத்தாலும் சண்டைக்கு வருகிறார், நடக்காததை எல்லாம் எதிர்பார்க்கிறார் என்று கட்டுரையாளர் வருத்தப்பட்டிருந்தார். சேவை மையத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவன் நான். சண்டைக்கு வருகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த எதிர்பார்ப்பு அவர்கள் மனதில் தானாக முளைத்ததல்ல. பணம் செலவழித்து, ஆள் வைத்து, யோசித்து யோசித்து அதை ஏற்றிவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

வாங்கிய சூடு ஆறாத லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பேட்டரி நிற்கவே இல்லை என்பார்கள். சோதித்துப் பார்த்தால் பேட்டரியில் ஒரு குறையும் இருக்காது. அட்டைப்பெட்டியில் ‘15 மணி நேரம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதைத் தேடிப் பெட்டியின் அடிப்பக்கம் போனால் பொடி எழுத்தில் விளக்கம் இருக்கும்: திரை வெளிச்சத்தைக் குறைத்து, வைஃபையை அணைத்து, சேமித்து வைத்த ஒரு வீடியோவையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு அளந்த கணக்காம் அது. அப்படி யார் லேப்டாப்பைப் பயன்படுத்துகிறார்கள்? வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டே நாலைந்து வேலைகளைத் திறந்து வைத்திருப்பவருக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிது. “பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது” என்று நாங்கள் சொன்னதும் அவருக்குக் கோபம் வரும். வராமல் எப்படி இருக்கும்? ஏமாற்றியவர் எங்கோ இருக்கிறார், எதிரில் நிற்பது நாங்கள்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்தப் புகாரை ‘குறை ஏதும் இல்லை’ என்று எழுதி முடித்துவிட வேண்டும். பொருளில் குறை இல்லையே, வேறு எப்படி எழுதுவது? ஆக, எத்தனை பேர் வந்து கத்தினாலும், நிறுவனத்தின் கணக்கில் அது ஒரு குறையாகவே ஏறாது. பெட்டியில் அந்த எண்ணைப் போடச் சொன்னவர் அடுத்த மாடலுக்கு இன்னும் பெரிய எண்ணைப் போடுவார்.

விளம்பரத்தில் கொஞ்சம் மிகைப்படுத்துவது சகஜம், யாரும் அதை அப்படியே நம்பமாட்டார்கள் என்று ஒரு பதில் வரும். இது பழைய வாதம். இங்கிலாந்தில் 1891-இல் கார்பாலிக் ஸ்மோக் பால் (மருந்துப் பொடி அடைத்து, மூக்கால் உறிஞ்சும் ரப்பர் பந்து) என்ற பொருளை விற்ற நிறுவனம், இதைச் சொன்னபடி பயன்படுத்தியும் இன்ஃபுளுயன்சா காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருகிறோம் என்று விளம்பரம் செய்தது. சொன்னபடியே பயன்படுத்திய கார்லில் என்ற பெண்மணிக்குக் காய்ச்சல் வந்தது. பணத்தைக் கேட்டபோது, அது வெறும் விளம்பரப் பேச்சு என்று கையை விரித்தார்கள். 1892-இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. எங்கள் உண்மைத்தன்மைக்குச் சாட்சியாக வங்கியில் 1000 பவுண்டு போட்டு வைத்திருக்கிறோம் என்று அதே விளம்பரத்தில் இருந்ததே, அப்புறம் எப்படி அது வெறும் பேச்சாகும் என்பது அவர்களின் கேள்வி. எனக்கும் அதே கேள்விதான். ‘அருமையான பேட்டரி’ என்று போட்டால் அது அவர்கள் பெருமை, போகட்டும். ‘15 மணி நேரம்’ என்று எண்ணைப் போட்டால் அது வாக்கு.

சரி, எந்த எண்ணைத்தான் போடுவது? இதற்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. பிரிட்டனில் இணைய இணைப்பு நிறுவனங்கள் ‘இத்தனை மெகாபிட் வரை வேகம்’ என்று விளம்பரம் செய்துவந்தன. வாடிக்கையாளர்களில் 10 சதவீதம் பேருக்கு அந்த வேகம் கிடைத்தாலே போதும் என்பது அப்போதைய விதி. மீதி 90 சதவீதம் பேர் தங்கள் வீட்டு இணைப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துத் தொலைபேசியில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். 2018 மே மாதம் விதி மாறியது. எல்லோரும் பயன்படுத்தும் இரவு 8 மணி முதல் 10 மணி வரையிலான நேரத்தில், குறைந்தது பாதி வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கும் வேகத்தைத்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். பல நிறுவனங்கள் விளம்பரத்தில் சொன்ன வேகத்தைக் குறைத்துக்கொண்டன. நாம் மட்டும் உண்மையைச் சொன்னால் போட்டியாளர் தட்டிக்கொண்டு போய்விடுவார் என்ற பயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. விதி எல்லோருக்கும் பொதுவானால், அடக்கி வாசித்ததற்காக யாரும் நஷ்டப்பட வேண்டியதில்லை. பேட்டரிக்கும், வண்டியின் மைலேஜுக்கும் இதையே கேட்கலாம். மிகச் சிறந்த நாளில் ஒருவருக்குக் கிடைப்பதை அல்ல, சாதாரண நாளில் பாதிப் பேருக்காவது கிடைப்பதைச் சொல்லுங்கள்.

தவறான விளம்பரத்தை நிறுத்தினால் போதும், மக்கள் மறந்துவிடுவார்கள் என்பதும் சரியல்ல. லிஸ்டரின் வாய் கொப்பளிக்கும் திரவம் சளியையும் தொண்டைக் கரகரப்பையும் தடுக்கும் என்று அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் விளம்பரம் செய்தார்கள். அது தடுக்காது என்று முடிவான பிறகு, அந்நாட்டு வர்த்தக ஆணையம் 1975-இல் விளம்பரத்தை நிறுத்தச் சொன்னதோடு விடவில்லை. ‘சளியையோ தொண்டை வலியையோ இது தடுக்காது’ என்று அந்த நிறுவனமே தன் விளம்பரங்களில் சொல்ல வேண்டும், ஏறத்தாழ ஒரு கோடி டாலர் விளம்பரச் செலவு முடியும் வரை சொல்ல வேண்டும் என்றது. 1977-இல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஊட்டி வளர்த்த நம்பிக்கையை ஊட்டியவரே செலவு செய்து இறக்க வேண்டும் என்ற இந்த நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நடைமுறையில் அந்தச் செலவைச் சேவை மையத்தில் நிற்பவரும், தொலைபேசியில் திட்டு வாங்குபவரும்தான் ஏற்கிறார்கள்.

கடைசியாக, உங்களிடமே ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரை வந்த அதே இதழின் விளம்பரங்களிலும் நட்சத்திரக் குறிகள் இருந்தன. நிபந்தனைகளைப் படிக்க எனக்கு பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. விளம்பரம் இல்லாமல் இதழ் நடத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று செய்யலாம்: எண்ணைப் போட்டு வாக்குக் கொடுக்கும் விளம்பரம் எதுவானாலும், அதற்கான நிபந்தனையை அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே, கண்ணாடி இல்லாமல் படிக்கக்கூடிய அளவில் போட்டால்தான் வாங்கிக்கொள்வோம் என்று சொல்லுங்கள். இதற்கு ஆசிரியர் குழுவின் பதிலை அடுத்த இதழில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் சேவை மைய ஊழியர் ஒருவர்