வழக்கம் தெரிந்தால் போதுமா?

ஆசிரியருக்கு, செவிலியர் பணியிடங்களை நிரப்புவது பற்றிய செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். காலியிடங்கள் நிரம்புவது நல்லதுதான். ஆனால் எப்படிப்பட்டவரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்ற பேச்சையே காணோம். சென்ற ஆண்டு என் அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. முதல் நாள் இரவு அடிவயிற்றை பிளேடால் மழித்தார்கள். மூன்று இடத்தில் கீறி ரத்தம் கசிந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் மழிக்கவே வேண்டாம், முடி இடைஞ்சலாக இருந்தால் கிளிப்பரால் கத்தரித்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. சவரக் கத்தி தோலில் உண்டாக்கும் நுண்ணிய கீறல்கள் வழியே கிருமி புகுந்துவிடும் என்பதுதான் காரணம். அங்கிருந்த இளம் செவிலியருக்கு இது தெரிந்திருந்தது. "படிச்சிருக்கோம் சார், ஆனா இங்கே இதுதான் வழக்கம்" என்றார் மெதுவாக. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

அவர் படித்ததைக் கையில் எடுக்க யாரும் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் சரி, தனியார் மருத்துவமனைகளும் சரி, மனப்பாடக் கேள்விகளோடு நிறுத்தாமல், ஒரு நோயாளியின் நிலையையும் ஒரு பக்க வழிகாட்டு நெறிமுறையையும் கொடுத்து, "என்ன செய்வீர்கள், ஏன்?" என்று கேட்கலாம். அப்புறம், செவிலியர் கண்காணிப்பாளர் பதவி உயர்வுக்கும் இதே கேள்வியை வைக்க வேண்டும். வார்டில் வழக்கத்தை மாற்றும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது.

— ஒரு வாசகர், திருச்சி