பதினெட்டு முடிந்தவர்கள் எங்கே தங்குவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்ததும், குழந்தைகள் இல்லங்களில் இருந்து படித்துத் தேறியவர்களின் படத்தைப் போடுகிறீர்கள். சந்தோஷம். 18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வந்த பிறகு அவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இல்லத்தில் வளர்ந்த பையன்கள் சிலர் என்னிடம் வேலைக்கு வந்திருக்கிறார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. பி.எஃப். படிவத்தில் நாமினி கட்டம் வந்ததும் ஒருவன் எழுதுவதை நிறுத்திவிட்டு, "வார்டன் பேரைப் போடலாமாண்ணா?" என்று கேட்டான். நிரந்தர முகவரியும் இல்லத்தினுடையதுதான். அங்கேயோ அவன் இனி தங்க முடியாது. வாடகைக்கு அறை கேட்டுப் போனால், "வீட்டுல பெரியவங்களக் கூட்டிட்டு வா" என்கிறார்கள். கடைசியில் நான் போய் அட்வான்ஸ் கொடுத்துப் பேசி முடித்தேன். இது நல்ல ஏற்பாடு இல்லை. நாளைக்கு என்னோடு அவனுக்கு மனஸ்தாபம் வந்தால் வேலையோடு அறையும் போய்விடும்.

சட்டத்தில் வழி இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, 18 வயது முடிந்து இல்லத்தை விட்டுப் போகிறவர்களுக்குப் பண உதவி செய்ய இடம் தருகிறது. மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். 21 வயது வரை பெறலாம். தேவைப்பட்டால் 23 வரை நீட்டிக்கலாம். என்னிடம் வந்த பையன்களில் ஒருவன்கூட இதைக் கேள்விப்பட்டதில்லை! மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு முன்கூட்டியே விண்ணப்பம் வாங்கி, முதல் மாதப் பணம் கணக்கில் ஏறிய பிறகு பிள்ளைகளை அனுப்பட்டும். ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாம் 16 வயதிலேயே தயாராக வேண்டும். தாலுகா ஆபீஸில் அப்பாவின் சான்றிதழைக் கேட்டால் இவர்கள் எதைக் காட்டுவார்கள்?

கல்லூரிக்குப் போகிறவர்களின் பாடும் சிரமம்தான். தீபாவளிக்கு விடுதி மெஸ்ஸை மூடினால் மற்ற பிள்ளைகள் ஊருக்குப் போவார்கள், இவர்கள்?

வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. இல்லத்திலிருந்து வரும் பெண்களுக்கு அவற்றில் சில இடங்களை ஒதுக்கலாம். பையன்களுக்கும் அப்படி ஒரு விடுதியைக் கோவை, திருப்பூர், ஓசூர் போல வேலை கிடைக்கும் ஊர்களில் அரசு தொடங்க வேண்டும். கோவையில் தொடங்கினால் வாடகையில் ஒரு பங்கை எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களிடம் கேட்கட்டும், என் பங்கைத் தருகிறேன்.

பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோவை.