ஊசி போட்டாயிற்று, தம்பி

விசுவமடு,
வைகாசி 28.

அன்புள்ள மகன் தம்பிக்கு,

அம்மாவுக்கு எலும்பு ஊசி போட்டாயிற்று. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், கடிதத்தைக் கண்டதும் நீ வேறு ஏதாவது நினைத்துப் பதறக்கூடாது. போட்டு இன்றைக்குப் பன்னிரண்டு நாள். சுகமாக இருக்கிறா. வட்ஸ்அப்பில் மூன்று தரம் குரல் பதிந்து அனுப்பினேன், ஒற்றைச் சரியோடு நிற்கிறது. போன் மாற்றியிருப்பாய். வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த குஞ்சியம்மாவின் மருமகன் சனிக்கிழமை கனடாவுக்குத் திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவருக்கு உன் வீடு தெரியுமாம். அதே வீட்டில்தானே இருக்கிறாய்?

"காசு அனுப்பி இரண்டு மாதம், இன்னும் என்ன செய்கிறீர்கள்" என்று அன்றைக்கு நீ சத்தம் போட்டது அடுப்படியில் நின்ற அம்மாவுக்கும் கேட்டது. எனக்கு அதில் கோபம் இல்லை. மருந்தை வாங்கிக் கையில் ஏற்றிவிட்டால் சரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கொழும்பில் எடுத்த எலும்பு அடர்த்தி ஸ்கானில் மைனஸ் 3.1 என்று வந்ததும் எனக்குப் பெரியம்மாதான் கண்ணுக்குள் வந்தா. இடுப்பு முறிந்து எட்டு மாதத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். மைனஸ் 2.5 வந்தாலே எலும்பு உள்ளுக்குள் கரைந்துவிட்டது என்றுதான் கணக்காம். ஆனபடியால் எனக்கும் அவசரம்தான். டொக்டர்தான் லேசில் விடவில்லை.

முதலில் சிறுநீரகம் எப்படி என்று அறிய இரத்தத்தில் கிரியற்றினின் பார்த்தார். சொலெட்ரோனிக் அசிட் என்கிற இந்த மருந்து சிறுநீரகத்தால்தான் வெளியே போகுமாம். சிறுநீரகம் வடிக்கிற கணக்கு 35க்குக் கீழே என்றால் ஊசியே இல்லை. வவுனியாப் பக்கம் கிட்னி வருத்தக்காரர் எத்தனை பேர் என்று நீ அறிவாய். எங்கள் கிணற்றுத் தண்ணீரும் கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர்தானே. ரிப்போட் வரும்வரைக்கும் எனக்கு நித்திரை இல்லை. இரத்தம் இரண்டு முறை எடுத்தார்கள். இரண்டாம் முறை ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

அடுத்தது விற்றமின் டி. நாற்பது வருஷம் வயலில் வெயில் குடித்த மனுஷிக்கு வெயில் விற்றமின் குறைவாம்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதை நிரப்பாமல், கல்சியமும் குறைந்திருக்கிற நேரத்தில் ஊசியை ஏற்றினால் இரத்தத்தில் உள்ள கல்சியம் இன்னும் கீழே விழுந்துவிடுமாம். வாயைச் சுற்றி விறைக்கும், விரல் நுனி கூசும், கைகால் இழுத்துப் பிடிக்கும் என்றார். அதற்கு எட்டுக் கிழமை குளிசை. நீ கத்திய அந்த இரண்டு மாதத்தில் பெரும்பகுதி அதுதான். அம்மாவுக்கே இப்படியென்றால் வருஷத்தில் பாதி மூடிக்கட்டித் திரிகிற உனக்கு என்னவாக இருக்கும்? ஒருக்கால் இரத்தத்தைக் கொடுத்துப் பார்.

அப்புறம் பல். செட்டிகுளம் முகாமில் அடைத்த கீழ்க்கடைவாய்ப் பல் பாதி உடைந்து கிடக்கிறது, அம்மா ஒருவருக்கும் சொல்லாமல் மற்றப் பக்கத்தால் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறா. டொக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோதுதான் வெளியில் வந்தது. இந்த மருந்து ஏறிய பிறகு பல்லைப் பிடுங்கினால், அபூர்வமாகச் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிய நின்றுவிடுமாம். முதலில் பிடுங்கு, பல் முரசு மூடட்டும், பிறகு வா என்றார். பிடுங்கினோம். ஒவ்வொரு இரவும் சாப்பாடு முடிய அம்மாவை விளக்கடியில் இருத்தி, போன் லைற்றை அடித்து நான் பார்ப்பேன். முதல் கிழமை கறுத்த குழி. பிறகு ஓரம் வெளுத்தது. பிறகு ரோஸ் நிறத்தில் தோல் ஒன்று மெல்ல மெல்ல வந்து மூடியது. "வயல் வரம்பு பார்க்கிற மாதிரிப் பார்க்கிறியள்" என்று வாயைத் திறந்தபடியே சிரிப்பா. பல் டொக்டரும் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் திகதி கிடைத்தது. உன் பல்லையும் காட்டு. அங்கே காசு கூட என்று தள்ளிப்போடாதே.

ஊசி என்கிறோமே தவிர அது சேலைன் மாதிரித்தான். 100 மில்லிப் போத்தல், உள்ளே மருந்து 5 மில்லிகிராம். ஒரு வருஷத்துக்கு அது போதுமாம். கால்மணித்தியாலத்துக்குக் குறைவாக ஏற்றவே கூடாது, வேகமாகப் போனால் கிட்னிக்கு அடி என்றார்கள். அரை மணித்தியாலம் விட்டார்கள். காலையிலேயே இரண்டு கிளாஸ் தண்ணீர் குடிக்கவைத்துத்தான் கூட்டிப்போனேன். பொங்கலுக்கு என்று வைத்திருந்த நீலச் சீலையைக் கட்டிக்கொண்டு, துளி விழுவதைப் பார்த்து எண்ணிக்கொண்டு இருந்தா. முந்நூறு சொச்சத்தில் கணக்குப் பிழைத்துவிட்டதாம். பக்கத்துக் கட்டில் மனுஷிக்கும் ஊசி ஏற்ற வந்த நேர்ஸ்பிள்ளைக்கும் "என்ரை மகன் கனடாவிலிருந்து போடுற ஊசி" என்று இரண்டு தரம் சொன்னா. நான் திருத்தவில்லை.

அன்றிரவு காய்ச்சல். வரும், முதல் தரம் போடுகிறவர்களுக்குத்தான் கூடுதலாக வரும், மூன்று நாளில் போய்விடும், பனடோல் கொடு என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். தெரிந்திருந்தும் எனக்குக் கை நடுங்கியது. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி நோ. நடுச்சாமம் எழும்பிச் சின்னவன் சாப்பிட்டானோ என்று கேட்டா. சாப்பிட்டான் என்றேன். மூன்றாம் நாள் தானே எழும்பித் தேத்தண்ணி போட்டா.

எலும்புக்கென்று கிழமைக்கு ஒருக்கால் எடுத்த ஞாயிற்றுக்கிழமைக் குளிசையை நிறுத்தியாயிற்று. அதுவும் ஊசியும் ஒரே குடும்பமாம், இரண்டும் சேர்த்து எடுக்கக்கூடாது. அதை வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி அரை மணித்தியாலம் நிமிர்ந்து இருக்க வேண்டும். அம்மா தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டுச் சரிந்து படுப்பா. நெஞ்செரிவு வராமல் என்ன செய்யும்?

தம்பி, இனி எழுதப்போவதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

டொக்டர் முதுகுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முள்ளெலும்பு இரண்டு, மிதிபட்ட நெருப்புப்பெட்டி மாதிரி முன்பக்கம் சப்பளிந்து கிடந்தது. பழைய முறிவு, எப்போது விழுந்தீர்கள் என்றார். விழவில்லை என்றா அம்மா. விழவில்லைத்தான். ஆனால் எப்போது என்று எனக்குத் தெரியும். முந்தின வருஷக் காலபோகம், கிணற்றடியில் வாளியைத் தூக்கும்போது "ஐயோ" என்று அப்படியே குந்திவிட்டா. களை பிடுங்க ஆள் கிடைக்காத கோபத்தில் நின்ற நான், "எல்லாருக்கும்தான் முதுகு நோகுது, எழும்பு" என்றேன். எழும்பினா. அன்றைக்கும் என் பின்னால் வயலுக்கு வந்தா. முறிந்த முதுகோடு மனுஷி பின்னேரம்வரை குனிந்து நின்றிருக்கிறா. பிறகு நோ நோ என்னும்போதெல்லாம் பாமசியில் டைக்ளோபெனக் என்கிற நோக்குளிசை அட்டை வாங்கிக் கொடுத்தேன். டொக்டரின் துண்டு இல்லாமல், மாதக்கணக்காக. வேறு மருந்து ஏதும் எடுக்கிறாவா என்று டொக்டர் கேட்டபோது இல்லை என்று நான்தான் சொன்னேன். அது கிட்னியைக் கெடுக்கிற குளிசை என்று கிளினிக் வாங்கில் இருந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அடுத்த கிளினிக்கில் உண்மையைச் சொன்னேன். டொக்டர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். பேசாமல் கொப்பியில் எழுதி, குளிசையை நிறுத்தச் சொல்லி, மூன்று கிழமை விட்டு மறுபடி இரத்தம் எடுத்தார். சிறுநீரகக் கணக்கு 52 வந்தது. அந்த இரண்டாம் இரத்தம் இதற்குத்தான். நீ போனில் கேட்டபோது ஆஸ்பத்திரியில் பிந்துகிறது என்று சொன்னேனே, அது பொய்.

சாமித்தட்டைப் பதித்து அடிக்கச் சொல்லி அம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறதா? விளக்குத் திரி எட்டவில்லை என்று. ஒரு சாண் இறக்கினேன். "குள்ளமாகிக்கொண்டு போறா" என்று நான் வீடியோவில் காட்ட, நீயும் சேர்ந்து சிரித்தாய். ஐந்தடி ஒன்று இருந்தவ இப்போது நாலடி பதினொன்று. பழைய ஆணித் துவாரம் இரண்டும் சுவரில் அப்படியே இருக்கிறது. விளக்கு வைக்கிற நேரம் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

இனிப் பயப்பட ஒன்றும் இல்லை. கல்சியமும் விற்றமினும் தொடர்ந்து எடுக்கிறா. தொடையிலோ கவட்டிலோ புது நோ வந்தால் பிந்தாமல் வரச் சொல்லியிருக்கிறார்கள், நெடுநாள் போட்டால் அரிதாகத் தொடையெலும்பு வெடிக்குமாம். கண் சிவந்து நொந்தாலும் சொல்ல வேண்டும். நோ என்று சொன்னால் இப்போது நான் அந்த நிமிஷமே ஓட்டோ கூப்பிடுகிறேன், அம்மாவுக்கே அலுப்பு. அடுத்த ஊசி வாற வைகாசி, அதற்கு முன்னும் இரத்தம் பார்க்க வேண்டும். மூன்று ஊசி போட்ட பிறகு மறுபடி ஸ்கான் எடுத்து, இடைவெளி விடலாமா என்று முடிவெடுப்பார்களாம். மருந்து எலும்புக்குள்ளேயே வருஷக்கணக்காக நிற்குமாம்.

அதற்கு நீ காசு அனுப்பவேண்டாம். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் கிடைத்திருக்கிறது, நெல் விற்றுப் பார்த்துக்கொள்வேன். கோபத்தில் எழுதவில்லை ராசா, உண்மையாகவே வேண்டாம். நீ அன்றைக்கு எடுத்தபோது அங்கே பகல் பதினொரு மணி, கிழமை நாள். ரிவி சத்தம் கேட்டது. இரவு வேலையாக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். நேரத்துக்குச் சாப்பிடு. பல்லைக் காட்டு. விற்றமின் டி பார்க்க மறக்காதே.

இந்த முறை காசு வேறொருவர் பேரில் வந்தது. யார் அது என்று அம்மா கேட்டா. உன் கூட்டாளி என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று மட்டும் மருமகனிடம் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடு.

அப்பா