பாப்பாவுக்கு, கொல்லைச் சேறு பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் வந்து பாமணி வாய்க்கால் நிறைந்து ஓடுகிறது. மற்ற சேதியெல்லாம் அப்புறம். நீ அனுப்பின கொல்லைப்புற வீடியோவை அப்பா போனில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கொல்லையில் சேறாகக் கிடக்கிற அந்த மூலையில் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று பேச்சு இருப்பதாகச் சொன்னாய். யார் சொன்னது என்று சொல்லவில்லை. யார் சொல்லியிருந்தாலும் வேண்டாம். நீ இருக்கிற மடிப்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர். அந்தப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு என்கிற கால்வாய் வழியாகத்தான் கடலுக்குப் போகும். 2022-இல் பள்ளிக்கரணையை, உலக அளவில் முக்கியமான நீர்நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். அப்பா பேப்பரைக் கத்தரித்து வைத்தாரே, ஞாபகம் இருக்கும். தண்ணீருக்குப் பழகின பூமி அது. நீ மேலே சிமெண்டு போட்டு மூடினால் தண்ணீர் சும்மா இருக்காது. அஸ்திவாரத்துப் பக்கம் போகும், சமையலறைச் சுவரில் ஓதம் ஏறும். உன் சம்பளத்தில் வாங்கின வீடு பாப்பா. உன் அத்தைமார்களிடம் அதை நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன் தெரியுமா!

முதலில் ஒன்று பார். ஆடி மாதத்திலேயே இவ்வளவு சேறு என்றால், அது மழைத் தண்ணீர்தானா, கழிவறைக் குழாய் உடைந்து வருகிறதா? கழிவறையில் சொட்டு நீலத்தைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றி, மறுநாள் அந்த மூலையில் நீலம் தெரிகிறதா பார். தெரிந்தால் குழாய்க்காரரைக் கூப்பிடு. தெரியாவிட்டாலும் மோந்து பார், நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். அது தெளிவாகிற வரைக்கும் அங்கே முளைக்கிற எதையும் பறித்துச் சமைக்காதே. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் தண்ணீரில் இருக்கிற விஷத்தையும் சேர்த்து இழுத்து இலையில் வைத்துக்கொள்ளும். பார்க்கப் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் செத்துப்போச்சு, என் கை ராசி இல்லை என்றாயே, அப்படிப் பேசாதே. ராசி என்ன ராசி? ஊறின மண்ணில் காற்று இருக்காது. வேர் மூச்சுமுட்டி அழுகும். சம்பங்கோரைத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார், உள்ளே பஞ்சு மாதிரி கண்ணறைகளாக இருக்கும். அந்த வழியாக மேலிருந்து வேருக்குக் காற்று இறங்குகிறது. அதற்குச் சேறு சுகம். எந்தச் செடிக்கு எந்த இடம் என்பதுதான் விஷயம், உன்மேல் ஒரு குறையும் இல்லை.

அதற்காகச் சம்பங்கோரையையே கொண்டுவந்து வைத்துவிடாதே. கிழங்கு ஓடி ஒரே வருஷத்தில் மூலை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ஆகாயத்தாமரையும் வேண்டாம். பூ அழகு என்று நர்சரியில் கொடுப்பார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரி குளத்தையெல்லாம் மூடின செடி அது. நெய்வேலிக் காட்டாமணக்கும் அப்படித்தான், வேலிக்கென்று ஒரு குச்சி நட்டாலே போதும். கல்வாழையும் நம் ஊர்ச் செடி இல்லை, ஆனால் அது ஒன்றும் செய்யாது, துணி துவைக்கிற தண்ணீர் போகிற இடத்தில் வைத்துக்கொள்.

தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிற நடுப்பள்ளத்தில் ஆரை போடு. நாலு இலை ஆரையை வாய்க்கால் மேட்டில் முதலில் கண்டுபிடித்து, இதில் பூவே இல்லையே என்று டீச்சரையே திணற வைத்தவள் நீ. கோடையில் காய்ந்து காணாமல் போகும், பிடுங்கி எறிந்துவிடாதே, மழைக்கு வந்துவிடும். அதைச் சுற்றி நீர்ப்பிரமியும் வல்லாரையும். ஓரத்தில், ஈரம் ஏறி இறங்குகிற இடத்தில், பொடுதலையும் கரிசலாங்கண்ணியும். பொடுதலை மண்ணை மூடிப் படர்ந்துவிடும், மிதித்தாலும் தாங்கும். இறக்கையில் மயில் கண் போட்ட பட்டாம்பூச்சி அதில் முட்டை வைக்கும். நீர்முள்ளியிலும் வைக்கும், ஆனால் முள் குத்தும், சுவர் ஓரமாக ஒன்று போதும். மரம் வேண்டுமென்றால் நீர்க்கடம்பு வை. வேடந்தாங்கலில் ஏரிக்குள் நின்றதே, பறவையெல்லாம் கூடு கட்டியிருந்ததே, அந்த மரம். செப்டிக் டேங்கை விட்டுத் தள்ளி வை.

கொசு வரும் என்று பயமுறுத்துவார்கள். வெறும் ஈரமண்ணில் கொசு வளராது, தேங்கி நிற்கிற தண்ணீர் வேண்டும், அதுவும் ஒரு வாரம் பத்து நாளாவது. அதனால் ஆழமாகத் தோண்டாதே, இரண்டு மூன்று நாளில் வடிகிற மாதிரிச் சரிவு வை. நடுகிறதை ஆவணிக்குள் முடித்துவிடு. ஐப்பசியில் நட்டால் வேர் பிடிக்கும் முன்னே அடைமழை அடித்துக்கொண்டு போய்விடும். மண்வெட்டி வேலையை நீயே தனியாகச் செய்யாதே. யாராவது கூட இருக்கிறார்களா?

வீடியோவில் கொடியில் உன் சுடிதார் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா கவனிக்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது உன்னிடமிருந்து. பொங்கலுக்கு வந்தபோதும் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தாய், சரி. சாப்பிடுகிறாயா? ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுப் படு.

நம் வாய்க்கால் கரையிலிருந்து வல்லாரை, நீர்ப்பிரமி, பொடுதலை மூன்றையும் வேர் மண்ணோடு எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். வசம்புக் கிழங்கும் கொஞ்சம் இருக்கிறது. அதை வைக்க வேண்டாம் என்றுதான் முதலில் எடுத்துப் போட்டேன், அப்புறம் வைத்தேன். வேறு எதையும் மனதில் வைத்து அனுப்பவில்லை பாப்பா. சேற்றில் நன்றாக வரும், அவ்வளவுதான்.

மறுபடியும் சொல்கிறேன், நீலம் ஊற்றிப் பார்க்காமல் கீரை பறிக்காதே.

வியாழக்கிழமை பஸ்ஸில் பார்சல் போடலாம் என்று அப்பா சொல்கிறார். வந்து இறங்குகிற நேரத்துக்கு நீ ஆபீசில் இருப்பாய். எடுத்துக்கொள்ள யார் வருவார்கள், பார்சல்மேல் யார் நம்பரை எழுதட்டும்? புதன்கிழமைக்குள் சொல். எழுத வேண்டாம், போன் பண்ணு. பகலில் பண்ணு, அப்பா ரேஷன் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில்.

அன்புடன்,
அம்மா