என் கட்டுரைகளைத் திருத்தியவர்களுக்கு

போன வியாழக்கிழமை புத்தகம் கட்டுக் கட்டாக வந்து திண்ணையில் இறங்கியது. பத்து வருஷமாக அரசியல், தத்துவம், இசை என்று மனசில் பட்டதை எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கும்பகோணத்தில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவந்தேனே, அதில் தேறிய 31 கட்டுரைகள். அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பார்த்ததிலிருந்து உறுத்துகிறது, அதனால்தான் இந்த மடல். பெயர் போடக்கூடாது என்று மூன்று பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், சரி, யார் பெயரும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி நரசிங்கம்பேட்டைப் பக்கத்து நாயனக்காரப் பெரியவருக்கு. நாயனம் (நாதஸ்வரம்) வாசிப்பவர்கள் தோளில் துண்டு போடக்கூடாது, இடுப்பில்தான் கட்ட வேண்டும் என்று இருந்த கொடுமையைப் பற்றியும், அதற்கெல்லாம் தலைவணங்காமல் கிராப்பும் கோட்டுமாக மேடையில் உட்கார்ந்து வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றியும் கொதிப்போடு ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். பெரியவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "துண்டைப் பத்தி நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. அவர் என்ன வாசிச்சாருன்னு ஒரு வரிகூட இல்லையே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. உள்ளே போய் நாயனத்தை எடுத்து வந்தார். பழைய வீட்டு உத்திரத்து ஆச்சாமரத்தில் கடைந்த, பாரி என்கிற நீளமான வகை நாயனம் அது. ஊதும் முனையில் செருகுகிற சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டே இருந்தார், அவசரமே இல்லை. அப்புறம் தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது 'க' ஸ்வரத்தை, அசைக்காமல் நேராகப் பிடித்துக் காட்டினார். அது தோடியாகவே இல்லை. மறுபடி அதே காந்தாரத்தை அசைத்து வாசித்தார், அந்தச் சின்னத் திண்ணை முழுக்கத் தோடி நிறைந்துவிட்டது. "இதை எங்கப்பா இடுப்புல துண்டோட நின்னு ராத்திரி முழுக்க வாசிச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டு நாயனத்தைத் துணியில் சுற்றினார். அன்றைக்கு ராத்திரியே அந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். புத்தகத்தில் இருப்பது அதுதான்.

அடுத்து என் தமிழ் ஐயா. பணி ஓய்வு பெற்று வருஷக்கணக்காகியும் மணிமேகலைக் காப்பியத்தை விடாதவர். அதன் 27ஆவது காதையில், வஞ்சி மாநகரில் மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் போய்ச் பல சமயத்து அறிஞர்களான சமயக் கணக்கர்களிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள் அல்லவா, அவர்களில் கடைசியாகப் பேசும் பூதவாதி எனக்கு ரொம்பப் பிடித்தவர். ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் மற்றதும் சேர்ந்தால் கள்ளில் களிப்புப் பிறப்பதுபோல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், கண்ணால் காண்பதைத் தவிர மற்றதை ஏற்க முடியாது என்பார். பகுத்தறிவு பேசும் எனக்கு அவரே கதாநாயகனாகத் தெரிந்தார், அப்படியே எழுதியும் விட்டேன். ஐயா காலை ஆறு மணிக்கு போன் பண்ணி, "அவள் கேட்ட கேள்வியை ஏன் விட்டாய்?" என்றார். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று மணிமேகலை பூதவாதியைத் திருப்பிக் கேட்கிறாள். அந்த வரிகள் கண்ணில் பட்டும், எனக்கு வசதியாக இல்லை என்பதால் தாண்டிப் போயிருந்தேன். பூதவாதியை இன்னமும் பிடிக்கும் ஐயா, ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை, அதற்கு மட்டும் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன்.

தொழிற்சங்கத் தோழருக்கு. தமிழ்ப் பாட்டுக்கு மேடை வேண்டும் என்று 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியதைக் கொண்டாடி நான் எழுதியபோது, "பாட்டு தமிழில் வந்தது சரி, மேடை யாருக்குக் கிடைத்தது தோழர்?" என்று டீக்கடையில் மடக்கினீர்கள். அந்தக் கட்டுரையின் பின்பாதி முழுக்க உங்களோடு போட்ட சண்டைதான். இப்போதும் உங்களுக்குத் திருப்தியில்லை என்று தெரியும், படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்த மகளுக்கும், ஒவ்வொரு கட்டுரையையும் நான் வாசிக்கக் கேட்டு, "இந்த இடம் உங்களுக்கே புரிஞ்சுதான் எழுதினீங்களா?" என்று நிறுத்திய என் வீட்டுக்காரிக்கும் என்ன சொல்ல, நீங்கள் இல்லாமல் இது இல்லை. காகித விலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் தந்த நண்பர்கள் எல்லோருக்கும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், வீடு தேடி வரும்.

நாயனக்கார ஐயா, உங்கள் பிரதியோடு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வருகிறேன். மகளையும் கூட்டி வருகிறேன். அந்தக் காந்தாரத்தை அவளும் கேட்க வேண்டும், சீவாளியை நனைத்து வையுங்கள்.