கட்டில் வரைபடம் கிடைத்தது

செங்கோட்டை
வைகாசி 12

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அங்கே நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சித்திரை விசுவுக்கு நீ வரவில்லை என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலை இருந்திருக்கும்.

நீ அனுப்பிய ஃபைல் திறந்தது. கேட்ட கேள்விக்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன். சொந்தமாகப் பட்டறை போடப்போகிறாய், வரைவதற்கு எந்த மென்பொருளை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறாய். பெங்களூரில் நாள் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருப்பவன் என்னைப் போய்க் கேட்கிறான் என்று மர டிப்போவில் இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான், இதைக் கேட்கத்தான் இத்தனை நாள் கழித்து எழுதினானா என்று தோன்றியது.

ஸ்கெட்ச்அப்பை நான் குறை சொல்லமாட்டேன். 2020 ஊரடங்கில் நீங்கள் இருவரும் இங்கே இருந்தபோது எனக்குக் கைவந்தது அதுதான். ஒரு செவ்வகம் வரைந்து பிடித்து இழுத்தால் பலகை ஆகிவிடுகிறது. மரவேலை தெரிந்தவனுக்கு அதைவிட எளிய வழி இல்லை. மருமகள் எழுதி ஒட்டிய தாள் இன்னும் மேசைக்கு மேலே இருக்கிறது. பி என்றால் இழு, எம் என்றால் நகர்த்து, டி என்றால் டேப், ஜி என்றால் காம்பொனென்ட் ஆக்கு. அந்த ஜி-க்கு மட்டும் இரண்டு அடிக்கோடு. ஒரு காலை வரைந்து காம்பொனென்ட் ஆக்கி நகல் எடுத்தால், ஒன்றில் துளை போட்டதும் நான்கிலும் விழும் அல்லவா? நான் ஒவ்வொரு காலிலும் தனித்தனியாகத் துளை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு அந்தப் பிள்ளை போட்ட கோடுகள் அவை.

ஆனால் தொழில் என்று வந்தால் கணக்கு வேறு. பிரவுசரில் ஓடும் இலவச ஸ்கெட்ச்அப் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், அதில் வரைந்து வாடிக்கையாளரிடம் காசு வாங்கக் கூடாது. வெட்டும் பலகைகளுக்குப் பட்டியல் போட்டுத் தரும் ஓப்பன்கட்லிஸ்ட் என்ற துணை நிரலும் அதில் ஏறாது. கணினியில் நிறுவும் பதிப்பை ஒரே முறை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் காலம் 2020-உடன் போயிற்று, இப்போது வருடச் சந்தா. ஃபியூஷன் என்ற இன்னொரு வரைபட மென்பொருளிலும் இலவச உரிமம் தொழிலுக்கு ஆகாது, ஒரே நேரத்தில் 10 ஃபைல்களைத்தான் திருத்தவும் முடியும். புதிதாகத் தொடங்குபவனுக்கு வாடகை, மின்கட்டணம், ஆள் கூலி எல்லாம் மாதம் தவறாமல் வாசலில் வந்து நிற்கும். சந்தாவில் மாட்டிக்கொள்ளாதே. ஆர்டர் நிலையாக வரட்டும், ஸ்கெட்ச்அப்பைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருள் தொழிலுக்கும் இலவசம். 2002-இல் தொடங்கியவர்கள், 1.0 என்ற எண்ணை 2024 நவம்பரில்தான் போட்டார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. பழகும்வரை எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. நீயே கட்டிலை அதில்தான் வரைந்திருக்கிறாய் என்பதால் பாதி முடிவு எடுத்துவிட்டாய் என்று நினைக்கிறேன். அலமாரி, சமையலறைப் பெட்டிகள் போன்றவற்றுக்கு அதுவே சரி. வீட்டுக்கு வீடு அகலம் மாறும், பெட்டி மாறாது. அட்டவணையில் அகலம், உயரம், பலகைக் கனம் என்று எழுதி வைத்துவிட்டால் ஒரு எண்ணை மாற்றியதும் மற்றதெல்லாம் தானே மாறிக்கொள்ளும்.

உன் கட்டிலிலும் அப்படித்தான் மாறியிருக்கிறது. தை மாதம் அனுப்பியதில் அகலம் 1830 மி.மீ. இப்போது வந்ததில் 915. நீளம் 1980 அப்படியே இருக்கிறது. ஆறடிக் கட்டில் மூன்றடி ஆகியிருக்கிறது. கை தவறி விழுந்த எண்ணாக இருக்கலாம். எண்ணைப் போட்டபின் ஒரு முறை சரிபார்த்துக்கொள்.

ப்ளைவுட் விஷயத்தில் நீ ஏமாறக் கூடாது என்பதற்காக ஒன்று எழுதுகிறேன். எட்டுக்கு நான்கு என்று நாம் சொல்லும் பலகை 2440-க்கு 1220. நான்கு தட்டு, தலைக்கு 305 என்று கணினியில் அடுக்கினால் 1220 அழகாகச் சரியாக வரும். ரம்பம் மூன்று முறை ஓடவேண்டுமே! ஒரு ஓட்டத்துக்கு ஒரு நூல், அதாவது ஏறக்குறைய 3 மி.மீ. தூளாகப் போகும். கடைசித் தட்டு 296-இல் வந்து நிற்கும், வாடிக்கையாளர் உன்னைப் பார்ப்பார். ஓப்பன்கட்லிஸ்ட்டில் ரம்பத்தின் கனத்தை எழுத இடம் இருக்கிறது. ஃப்ரீகேட்டில் நீயே ஒரு வரியாகச் சேர்த்துக்கொள். பலகைக் கனத்தையும் கடைக்காரர் சொன்னதை வைத்து எழுதாதே. 18 என்று விற்பதை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, வந்த எண்ணைப் போடு. இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டினால் மேலும் 2 மி.மீ. ஏறும். காடிப் பள்ளம் எடுத்தபின் தட்டு நுழையவில்லை என்று போன் செய்தால் நான் இங்கிருந்து என்ன செய்வேன்?

கட்டிலை நேற்று மறுபடி திறந்து பார்த்தேன். கை தவறினால் சரிபாதி எண் வராது, அது எனக்கும் தெரியும். தலைமாட்டில் நிற்கும் சட்டங்கள் 13, ஒவ்வொன்றும் 60 மி.மீ. 1830-இல் அவற்றுக்கு இடையே மூன்று அங்குலம் இருந்தது, இப்போது மூன்று நூல்தான். விரல் நுழையாது, தூசி மட்டும் நுழையும். நடுவில் ஓடும் சட்டத்தையும் அதன் காலையும் நீ எடுக்கவேயில்லை. மூன்றடிக் கட்டிலுக்கு நடுக்கால் எதற்கு? இப்படி அரைகுறையாக வரைபவன் இல்லை நீ. பத்தாம் வகுப்பில் நீ போட்ட மூலைமட்டக் கோட்டைப் பார்த்துத் தாத்தாவே வாயடைத்துப் போனவர். ராத்திரியில் உட்கார்ந்து அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறாய்.

அறை சிறியதா? வேறு வீடு பார்த்தீர்களா? மருமகளுக்கு இரவு வேலை வந்து, தூக்கம் கலையாமல் இரண்டு கட்டிலாகப் போடுகிறீர்களா? அப்படியானால் இரண்டாவதுக்குத் தனியாக வரையவேண்டாம், இதையே இரண்டாகச் செய்துவிடுவேன். மரம் போதும். மாசியிலிருந்து வெள்ளிக்கிழமை போன் வருவதில்லை. டவர் சரியில்லை என்று அம்மாவே சொல்லிக்கொள்கிறாள். அவளிடம் இந்த வரைபடத்தை நான் காட்டவில்லை. எண் அவளுக்குப் புரியாது, கட்டிலின் படம் புரியும்.

எந்த மென்பொருளை வாங்கினாலும் அதற்கு மழை தெரியாது. அதையும் சொல்லவேண்டும். அத்தை வீட்டுக் கதவு உனக்கு நினைவிருக்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கியதும் இங்கே மரம் அகலவாக்கில் ஊதும், நீளவாக்கில் அசையாது. திரையில் பலகை என்றும் ஒரே அளவில் நிற்கும். கால்மாட்டுப் பலகையைக் காடிக்குள் இறுக்கமாக வரைந்திருக்கிறாய், பசையும் போடச் சொல்கிறாய். போடமாட்டேன். இரண்டு பக்கமும் ஒரு நூல் இடம் விட்டு, அசையும்படி வைப்பேன். பெங்களூர் போனபின் அது சுருங்கும், அப்போதும் வெடிக்காது. உன் பட்டறையிலும் இதையே செய். சந்தா விஷயத்தையும் மறக்காதே. பட்டறைக்கு அந்தக் கூட்டாளி பணம் போடுகிறார் என்பதற்காகச் சந்தாவில் போய் விழாதே.

வேங்கை நன்றாகக் காய்ந்த கட்டை. நெடுஞ்சட்டம் இரண்டையும் இழைத்து வைத்துவிட்டேன். நீளம்தான் மாறவில்லையே. குறுக்குச் சட்டங்களையும் தலைமாட்டையும் இன்னும் தொடவில்லை. ஆறடிக்கு வேண்டியதைத்தான் தையில் வாங்கியிருந்தேன், அது அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். ஆனி பிறந்து சாரல் தொடங்கினால் ஒட்டும் வேலை எடுக்கமாட்டேன். அதற்குள் நடுக்கால் வேண்டுமா, வேண்டாமா என்பதை மட்டும் தெரிவி. எழுதவோ பேசவோ முடியவில்லை என்றால் ஃபைலைத் திருத்தி அனுப்பிவிடு ஐயா, நான் திறந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா