பார்புடாவின் நிலத்தை அதன் மக்களிடமே விடுங்கள்

ஆன்டிகுவா, பார்புடா அரசுக்கு,

வணக்கம். கரீபியக் கடலிலுள்ள உங்கள் நாட்டின் இரண்டு முக்கியத் தீவுகளில் சிறியதான பார்புடாவின் நிலத்தைப் பற்றி எழுதுகிறேன்.

1685-ல் ஆங்கில அரசு அந்தத் தீவைக் காட்ரிங்டன் குடும்பத்துக்குக் குத்தகைக்கு விட்டது. 1870 வரை அது அவர்கள் கையில்தான் இருந்தது. மண் ஆழமில்லை, மழையும் குறைவு, கரும்பு எடுபடவில்லை. அதனால் ஆன்டிகுவாவிலிருந்த தங்கள் கரும்புத் தோட்டங்களுக்கு வேண்டிய ஆடுமாடுகளையும் உணவுப் பொருட்களையும் பார்புடாவிலிருந்து அனுப்பவைத்தார்கள். உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். மேற்பார்க்க வெள்ளையர்கள் சிலரே இருந்ததால், மாடு மேய்ப்பதும் மீன் பிடிப்பதும் தங்களுக்கென்று கொல்லை போடுவதும் அம்மக்களுக்கே தெரிந்த வேலையாயின. 1834-ல் அடிமைமுறை ஒழிந்தபோது அவர்களுக்கு யாரும் பட்டா கொடுக்கவில்லை. ஆனாலும் அதே மண்ணில் பொதுவாகப் பிழைத்தார்கள். ஓர் இடத்தைத் திருத்திப் பயிரிடுவார்கள், சத்துக் குறைந்தால் தரிசாக விட்டு வேறிடம் போவார்கள். மாடுகள் வேலியில்லாமல் மேயும்.

2007-ல் நாடாளுமன்றமே இதைச் சட்டமாக்கியது: நிலம் பார்புடா மக்களின் பொதுச் சொத்து, பெரிய திட்டம் எதுவானாலும் அவர்களில் பெரும்பான்மையோர் சம்மதிக்க வேண்டும்.

பிறகு 2017 செப்டம்பரில் இர்மா புயல் வந்தது. பெரும்பாலான வீடுகள் சிதைந்தன, தீவிலிருந்த அத்தனை பேரையும் ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோனீர்கள். அது சரியான செயல். ஆனால் அவர்கள் முழுதாகத் திரும்புவதற்குள் அங்கே விமான நிலையத்துக்காகப் புல்டோசர்கள் நிலத்தைத் திருத்தின, நிலச் சட்டமும் நீக்கப்பட்டது. ஓர் ஊரே வீடிழந்து நிற்கும்போதா அதன் நிலச் சட்டத்தில் கை வைப்பது?

பொது நிலத்துக்குப் பதில் ஒவ்வொருவருக்கும் தனிப் பட்டா இருந்தால் வங்கிக்கடன் வாங்கி வீடு கட்டலாம் என்கிறீர்கள். பட்டா இருந்தால் விற்கவும் வேண்டிவரும். கடனில் இருப்பவர் கடற்கரை மனையை யாரிடம் விற்பார்? பணமுள்ள வெளியூர்க்காரரிடம்தான். அப்புறம் அந்தக் கரையில் வேலி வரும், காவலாளி வருவார்.

சட்டத்தை நீக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டென்று 2022-ல் உங்கள் நாட்டின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமான, லண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. நீக்க முடிந்தால் திரும்பக் கொண்டுவரவும் முடியும். கரும்பு முதலாளிகளின் குத்தகைக் காகிதத்தைவிட, தலைமுறை தலைமுறையாக அங்கே உழுதவர்களின் உரிமை பெரியது.

ஆகவே 2007 சட்டத்தின் சம்மத விதியை மீண்டும் கொண்டுவாருங்கள். அதுவரை பார்புடாவில் புதுக் குத்தகை எதையும் கையெழுத்திடாதீர்கள். ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களை மக்கள் படிக்கும்படி ஊர்ச் சபையில் வையுங்கள்.

இப்படிக்கு,
கரீபியத் தீவுகளின் வரலாற்றைப் படித்துவரும் ஒரு தமிழ் வாசகன்